மேடையில் கொடுத்த வலக்கை

ஒரு பெண்ணுக்கு இந்த மேடையில் வைத்து ஒரு கை கொடுத்தார்கள். பிறகு வந்து அந்தக் கையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்றுவரை அது திரும்பி வரவில்லை.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிட்டேன். வணக்கத்தை இரண்டாவதாக வைத்ததற்குச் சபையிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இன்று மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

இனி வணக்கம்.

பேசுகிற ஒவ்வொருவருக்கும் பத்தே நிமிடம் என்று அறிவித்து, அறிவிக்கும்போது என் முகத்தை மட்டுமே பார்த்த தலைவர், இந்த மண்டபத்தின் பராமரிப்புச் சபைக்குப் பொறுப்பாக இருக்கும் என் பழைய நண்பர் இராசமாணிக்கம் அவர்களே; மேடையை நிறைத்திருக்கும் மதிப்புக்குரிய பிக்கு அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, மௌலவி அவர்களே; றத்தோட்டை மலைகளிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி வந்து சேர்ந்த தாய்மார்களே; வெங்காயத்தை வெயிலுக்கும் மழைக்கும் ஒப்படைத்துவிட்டுக் கலேவெலயிலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே; கடையைப் பாதி மூடிவிட்டு மனதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கும் வியாபார நண்பர்களே; பின்வரிசையில் நிற்கும் இளைஞர்களே; விழாக் குழுவின் சார்பில் கொழும்பிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கஜீபன் தம்பி அவர்களே; இத்தனை பேருக்கும் நடுவே, தாய்மார் வரிசையில், வலக்கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் மகள் கலாராணி அவர்களே; உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும் உரித்தாகட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். நான் அப்துல் ஸமத். மாத்தளைப் பிரதான வீதியில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடம் என்னைச் சிறு வயதிலேயே வெளியே அனுப்பிவிட்டது. ஆனாலும் சாமான் சுற்றுவதற்குக் கடைக்கு வரும் பழைய பத்திரிகைகளை நான் வாசிக்காமல் சுற்றியதில்லை. என் படிப்பு முழுவதும் அதுதான். ஆகவே என் அறிவு சில இடங்களில் பாதியில் கிழிந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கிழியாத இடத்தை மட்டும் இன்று விரித்து வைக்கிறேன்.

இந்தக் கூட்டம் எதற்கு? ‘நாளைய மனிதன்’ என்று ஒரு விழா. அறிவியலும் கலையும் சேர்ந்த விழா என்கிறார்கள். மனிதனுக்கு இல்லாத வலுவைக் கொடுக்கும் கருவிகள், மனிதன் கேளாத ஓசையைக் கேட்க வைக்கும் கருவிகள், மனிதன் நினைப்பதை நிறமாகக் காட்டும் கருவிகள், இவற்றையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள். போன வருடம் இங்கே நடந்தது. இந்த வருடமும் மண்டபத்தைக் கேட்டிருக்கிறார்கள். வரவேற்பதா, வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் கூடியிருக்கிறோம். “வந்து ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க ஹாஜியார்” என்று தலைவர் கேட்டார். தேடிப் பார்த்தேன் தலைவரே. ஒன்று கூடக் கையில் அகப்படவில்லை.

விழாவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதோ அந்தத் தூணருகில் ஒரு சட்டை தொங்கியது. உலோக எலும்புகள் வைத்த சட்டை. அதை அணிந்தால் ஒருவர் இரண்டு பேர் தூக்குவதைத் தூக்கலாம். என் கடையில் மூட்டை தூக்கும் மக்கீனுக்கு மாட்டிவிட்டார்கள். அவனும் இரண்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை? நான் முதலாளி. ஒரு முதலாளியின் மனம் எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்டை என் கடைக்கு வரும் நாளில் மக்கீனோடு வேலை செய்யும் இன்னொருவரை நான் வீட்டுக்கு அனுப்புவேன். மக்கீனுக்குக் கூலியைக் கூட்டுவேனா? என்னை நம்பாதீர்கள். யாருடைய வலு கூடியது அங்கே? மக்கீனுடையதா, என்னுடையதா?

மூன்று கைகளோடு ஒரு நடனப் பெண் ஆடினார். மூன்றாவது கை முதுகிலிருந்து எழுந்து, மற்ற இரண்டு கைகளும் செய்யும் முத்திரைக்குப் பதில் முத்திரை காட்டியது. அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். மூன்றாவது கை வந்த பெண்ணுக்கு இந்த ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அதே ஊர், ஒரு கையை இழந்த பெண்ணிடம் பூ வாங்கத் தயங்கியது.

தாய்மார் வரிசையில் தலைகள் குனிகின்றன. குனிய வேண்டாம், நிமிர்ந்தே கேளுங்கள். என் கடை ஆட்களும்தான் தயங்கினார்கள்.

கலாராணி யார்? றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தவர். ஒரு நாள் அந்த ரோலர் அவருடைய வலக்கையை மணிக்கட்டுக்கு மேலே வரை எடுத்துக்கொண்டது. உயிர் மிஞ்சியது, வேலை மிஞ்சவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து, இங்கே கோயில் வீதியில் ஒரு மேசை போட்டுப் பூவும் அர்ச்சனைத் தட்டும் விற்கத் தொடங்கினார்.

இடக்கையால் எல்லாம் செய்வார். பூக்கட்டும் நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கையாலேயே சரம் தொடுப்பார். ஒன்றே ஒன்றைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. கொடுக்க முடியவில்லை. கோயிலுக்குப் போகிற பூவை இடக்கையால் நீட்டினால் யார் வாங்குவார்கள்? ஒருவரும் திட்டமாட்டார்கள், ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார்கள், மெதுவாக அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூடையை முன்னால் தள்ளிவைத்து, “நீங்களே எடுத்துக்கங்க” என்பார். மிச்சக் காசையும் மேசையில் வைத்துவிட்டு, அதையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வார். எங்கள் ஆட்களிடமும் இதே வழக்கம்தான். சாப்பிடுவதும் வலக்கை, கொடுப்பதும் வலக்கை. ஆகவே கோயில் வீதியை மட்டும் குறை சொல்லி நான் தப்பப் போவதில்லை.

இந்த நிலையில்தான் விழாக்காரர்கள் வந்தார்கள். ஊரில் கை இழந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். எல்லோரும் கலாராணியைக் காட்டினோம். கஜீபன் தம்பி அவருடைய மேசைக்கு வந்து, கொழுந்து பறிக்கும் வேகம், தேங்காயை நசுக்கும் வலு, கொதிக்கும் பானையைத் தூக்கும் தைரியம் எல்லாம் உள்ள ஒரு கை செய்து தருவதாக நெடுநேரம் விளக்கினார். பக்கத்துக் கடையில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கலாராணி சொன்னது இதுதான்.

“தூக்கிறதுக்கு இந்த எடது கையே போதுங்க தம்பி. எனக்குக் குடுக்கிறதுக்குத்தான் ஒரு கை வேணும்.”

கேட்டீர்களா? மனிதனை மேம்படுத்த வந்தவர்களுக்கு ஒரு பூக்கடைக்காரப் பெண் வைத்த வேண்டுகோள் இது. அவர் வலு கேட்கவில்லை, வேகம் கேட்கவில்லை. ஒரு பூவை வலக்கையால் ஒரு மனிதரிடம் நீட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மண்டபத்தின் பின்னறையில் மாதக்கணக்கில் வேலை நடந்தது. கையின் மிஞ்சிய பகுதியில் கம்பிகளை ஒட்டி, தசை எப்படி அசைகிறது என்று கணினியில் பிடித்தார்கள். முதல் நாட்களில் அந்தக் கை தாமரை மொட்டைக் கொடு என்றால் பிழிந்துவிடும், காசைக் கொடு என்றால் கூரைக்கு எறியும். கலாராணி விடவில்லை. பகலில் பூ விற்றுவிட்டு மாலையில் வந்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வார். எப்படிப் பிடிப்பது, எப்போது விரிப்பது, சுண்டுவிரலை எவ்வளவு தூக்கினால் பூவின் காம்பு நோகாது என்றெல்லாம் அந்தக் கை கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது என்கிறேன் அல்லவா? கற்றுக்கொடுத்தவர் யார்? கணினியா? கொழும்பா? கலாராணி.

பிறகு அந்த நாள் வந்தது. இதே மேடை. இதே இடத்தில் குத்துவிளக்கு. பிக்கு அவர்கள் பிரித் ஓதினார், குருக்கள் ஐயா ஆசி கூறினார், மௌலவி துஆ செய்தார். தலைவர் இராசமாணிக்கம் மாலை போட்டார். பொன்னாடை போர்த்தியவன் நான். கஜீபன் தம்பி ஒலிவாங்கியில், “மாத்தளையின் மகளுக்கு இந்தக் கையை அன்போடு வழங்குகிறோம்” என்றார். அந்த வார்த்தையை இந்தக் காதுகள் கேட்டன. மண்டபம் நிறைந்த உங்கள் காதுகளும் கேட்டன. கலாராணி அந்தக் கையால் முதல் பூவை எடுத்து, தன்னோடு பெக்டரியில் வேலை செய்த பெண் ஒருத்தியிடம் நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் விரித்து வாங்கினாள். அதற்குப் பிறகு இங்கே யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. உங்களுக்கும் நினைவிருக்காது.

மறுநாளிலிருந்து கோயில் வீதியில் அந்த மேசையைச் சுற்றிக் கூட்டம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள். பூ வாங்க வந்தவர்கள் நின்றார்கள். கூடையைத் தள்ளிவைப்பதைக் கலாராணி நிறுத்தினார். இன்னாருக்கு இன்ன பூ என்று பார்த்து, எடுத்து, நீட்டினார். ஒருமுறை நான் அந்த வழியாகப் போனேன். “ஹாஜியாருக்குப் பூ எதுக்கு, இந்தாங்க” என்று ஒரு எலுமிச்சம்பழத்தைத் தந்தார். வாங்கிக்கொண்டேன்.

விழா முடிந்து கொஞ்ச நாளில் ஒரு வேன் வந்தது. சர்விஸ் செய்து கொண்டுவந்து தருகிறோம் அக்கா, ஒரு கிழமைதான் என்றார்கள். கழற்றினார்கள். பெட்டியில் வைத்தார்கள். போனார்கள்.

ஒரு கிழமை போயிற்று. ஒரு மாதம் போயிற்று. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. கலாராணி தொலைபேசியில் அழைத்தார். எடுக்கவில்லை. நான் என் தொலைபேசியிலிருந்து அழைத்து அவரிடம் கொடுத்தேன். எடுத்தார்கள். பதிலைக் கேட்டுவிட்டு, தொலைபேசியை என்னிடம் திருப்பித் தந்து அவர் கேட்டார்: “நான் எப்பங்க ஹாஜியார் கலைஞர் ஆனேன்?”

பதில் என்ன தெரியுமா? அந்தக் கை அவருக்குக் கொடுக்கப்படவில்லையாம். அது ஒரு கலைப்படைப்பாம். மேடையில் நடந்தது வழங்கல் இல்லையாம், ‘வழங்கல்’ என்ற தலைப்பில் நடந்த ஒரு நிகழ்த்துகலையாம். கலாராணி அதில் பங்குபற்றிய கலைஞராம். இதையெல்லாம் முன்பே எழுத்தில் கேட்டிருக்கலாமே என்கிறார்கள்.

ஏன் கேட்கவில்லை? சொல்கிறேன். இந்த மண்டபத்தில் கைம்பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குக் கூரைத்தகடு கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களில் நல்லவரும் உண்டு, தேர்தலுக்காகக் கொடுத்தவரும் உண்டு. ஆனால் விளக்கேற்றி, பெரியவர்களை அருகில் வைத்து, சபை பார்க்க மேடையில் கொடுத்த பொருளை எவரும் திருப்பிக் கேட்டதில்லை. மேடையில் கொடுத்தால் கொடுத்ததுதான். அதற்கு மேல் கையெழுத்துக் கேட்பது கொடுத்தவரை அவமதிப்பது. நாங்கள் அப்படித்தான் பழகியிருக்கிறோம். அறிவில்லாமல் இல்லை, அப்படிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு வந்தவர்கள் நம்முடைய விளக்கையும் மாலையையும் பிரித்தையும் துஆவையும் தங்கள் நாடகத்திற்குச் சாமானாக எடுத்துக்கொண்டார்கள்.

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி. பின்வரிசையில் றிஸ்வான் கேட்கிறார், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், எனக்கு மருமகன் முறை. “அப்ப சயன்ஸே வேணாங்கிறீங்களா மாமா?” என்கிறார். சிரிக்காதீர்கள், நல்ல கேள்வி. மருமகனே, என் இரண்டு கண்ணுக்குள்ளும் வில்லை வைத்திருக்கிறது. கண்டியில் வைத்தார்கள். அது இல்லாவிட்டால் இப்போது நீ எனக்கு ஒரு மங்கலான தூண். அறிவியலை வேண்டாம் என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? ஆனால் வில்லை வைத்த டொக்டர் அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து, “ஹாஜியார், உங்கள் பார்வை ஒரு கலைப்படைப்பு, கண்காட்சிக்கு வேண்டும்” என்று கேட்டால்? அப்போது நீ என்ன செய்வாய்? வாசலை மறித்து நிற்பாய் அல்லவா? இன்று நான் நிற்கிறேன்.

நாம் மாத்தளைக்காரர்கள். செய்துகாட்டல் என்றால் என்ன என்று நமக்கா தெரியாது? தம்புள்ளை வீதியில் போனால் இருபுறமும் ஸ்பைஸ் கார்டன். சுற்றுலா வந்தவரின் காலில் ஒரு களிம்பைத் தடவி, மயிர் கொட்டுவதைக் காட்டி, அவர் வியந்து வாய் மூடுவதற்குள் போத்தலை விற்றுவிடுகிறோம். அவர் ஊருக்குப் போன பிறகு மயிர் முளைத்ததா இல்லையா என்று நாம் கேட்பதில்லை. அந்த வித்தை தெரிந்த ஊரின் காலில் வேறொருவர் வந்து களிம்பு தடவியிருக்கிறார். நாமும் வாயைத் திறந்துகொண்டு பார்த்திருக்கிறோம்.

அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது? பார்த்தேன். நானும் கலாராணியும் கொழும்புக்கு பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். பெரிய கட்டிடம், குளிரூட்டிய அறை. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் அந்தக் கை நிற்கிறது. பெட்டியில் ஒரு துவாரம். யாராவது முன்னால் போய் நின்றால், அந்தக் கை குனிந்து, கடதாசியில் செய்த ஒரு பூவை எடுத்து, துவாரத்தின் வழியாக நீட்டுகிறது. வந்தவர்கள் சிரித்துக்கொண்டு வாங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அட்டை. மூன்று மொழியிலும் ‘கொடுத்தல்’ என்று தலைப்பு. கலைஞர் பெயர், பொறியியலாளர் பெயர், நன்கொடையாளர் பெயர் எல்லாம் இருந்தன. வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். கலாராணியின் பெயர் இல்லை.

கலாராணி அட்டையைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நான் குடுக்கிற மாதிரியே குடுக்குதுங்க. சுண்டுவெரலத் தூக்கிக்கிட்டு.”

சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அவருடைய முறை வந்தது. கை குனிந்தது, எடுத்தது, நீட்டியது. கலாராணி தம்முடைய சொந்த வலக்கை நீட்டிய பூவை இடக்கையால் வாங்கினார். அங்கே நின்ற பெண்பிள்ளை, “அன்ரி, கொஞ்சம் நகருங்க, ஆக்கள் இருக்கிறாங்க” என்றது. நகர்ந்தார். பூவைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ் குருநாகலைத் தாண்டியது. பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே, “வெரல் இடுக்கெல்லாம் தூசிங்க ஹாஜியார். நான் தெனம் தொடச்சு வைப்பேன்” என்றார்.

இதுதான் மேம்படுத்திய மனிதனின் கதை. இதில் மேம்பட்டது யார்? சொல்லுங்கள் பெரியவர்களே. கண்ணாடிப் பெட்டி மேம்பட்டது. அட்டையில் பெயர் வந்தவர்கள் மேம்பட்டார்கள். கோயில் வீதியில் ஒரு கூடை மறுபடி முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார். ‘நேரம் முடிந்தது.’ வாசித்துவிட்டேன் தலைவரே. நல்ல கையெழுத்து. பையில் வைத்துக்கொள்கிறேன்.

கஜீபன் தம்பி எழுந்து ஏதோ சொல்கிறார். சபைக்குக் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். அந்தக் கை பழைய மொடலாம். கலாராணி அக்காவுக்கு அதைவிடச் சிறந்த புதுக் கை ஒன்று இந்த வருட விழாவில் தரத் தயாராம். உட்காருங்கள் தம்பி. உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பின்னறையில் அவரோடு நீங்களும் தரையில் அமர்ந்து தேநீர் குடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைவிடச் சிறந்த கை யாருக்கு வேண்டும்? புதுக் கைக்கு மறுபடியும் மாதக்கணக்கில் அவர் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது படித்து முடித்ததும் அதற்கும் ஒரு பெட்டி செய்வீர்கள். அவர் கேட்பது சிறந்த கையை அல்ல. தன்னிடம் படித்த கையை.

இன்னொருவரைப் பற்றியும் பேசாமல் இறங்கமாட்டேன். கலேவெலயிலிருந்து வந்திருக்கும் அழகமுத்து, வாசல் பக்கம் ஊன்றுகோலோடு அமர்ந்திருக்கிறார். உழவு இயந்திரம் கவிழ்ந்து காலை இழந்தவர். இந்த வருட விழாவில் அவருக்கு ஒரு கால் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று என் கடைக்கு வந்தார். “நீங்க கூட்டத்துல பேசி விழாவ நிப்பாட்டிட்டீங்கன்னா என் காலு போயிருமே அண்ணே” என்றார். நேராகத்தான் கேட்டார்.

நான் உறங்காமல் யோசித்த கேள்வி அது. இரண்டு காலில் நிற்கிற நான், ஒற்றைக் காலில் வயலுக்குப் போகிற மனிதரைப் பார்த்து, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, ஆகவே உனக்குக் கால் வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லமாட்டேன். ஆகவே விழாவை விரட்டு என்று கேட்க நான் வரவில்லை. ஆனால் அழகமுத்து தம்பி, வயலின் நடுவே நிற்கும்போது உங்கள் காலைக் கேட்டு ஒரு வேன் வரக் கூடாது. அதற்காகத்தான் தொண்டை வறளப் பேசுகிறேன்.

முன்வரிசைத் தாய் ஒருவர் கை தூக்குகிறார். சொல்லுங்கள் அம்மா. ம். “கை வர்ற வரைக்கும் அந்தப் புள்ள எடது கையால குடுக்கிறத நாங்க வாங்கிக்கிட்டா என்னங்க?” என்கிறார். குருக்கள் ஐயா தலையாட்டுகிறார். அம்மா, இதை நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆனால் ஒன்று. நாம் திருந்துவது நம்முடைய கடமை, அதைக் காட்டி அவர்கள் தப்பிக்கக் கூடாது.

ஆகவே, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

தலைவர் இராசமாணிக்கம் இந்த மண்டபத்தின் சாவியை, அந்தக் கை மாத்தளைக்கு வந்து சேரும்வரை எவரிடமும் கொடுக்கக் கூடாது. அமைச்சர் கேட்டாலும், நான் கேட்டாலும்.

பாடசாலை அதிபர்கள் பிள்ளைகளை விழாவுக்கு அனுப்பும் முன், அதில் காட்டப்படும் ஒவ்வொரு பொருளும் யாருடையது என்று கேட்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மதகுருமார் மூவரும் இனி ஒரு மேடையில் ஆசி வழங்கும் முன், இது வழங்கலா நடிப்பா என்று ஒலிவாங்கியில் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

பத்திரிகை நிருபர்கள் நாளை என் பேச்சை எழுதாவிட்டாலும் குறையில்லை. அந்த அட்டையில் இல்லாத பெயரை எழுத வேண்டும். கலாராணி. நான்கு எழுத்து, இடம் பிடிக்காது.

றிஸ்வான் மருமகனும் அவரோடு படிப்பவர்களும் அந்தக் கையைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சர்விஸ் என்ற பேரில் அது இனி இந்த மாவட்டத்தை விட்டுப் போகக் கூடாது. கற்பதற்கு இடம் வேண்டுமானால் என் கடையின் பின்கட்டு இருக்கிறது. கராம்பு வாசம் தலையில் ஏறும், சமாளியுங்கள்.

அழகமுத்து தம்பி காலை வாங்க வேண்டும். இந்த மேடையில், இந்தச் சபை முன்னால், இது யாருடைய கால், எவ்வளவு காலத்துக்கு, பழுதானால் யார் பொறுப்பு என்று எழுதி வாசித்த பிறகு வாங்க வேண்டும். எழுத்துக் கேட்பது அவமதிப்பு என்ற நம் பழக்கத்தை உடைக்கும் முதல் ஆள் அவராக இருக்கட்டும்.

தாய்மார்கள் நாளைக் காலை கோயிலுக்குப் போகும்போது, அந்த இடக்கை நீட்டும் பூவை வாங்க வேண்டும். மகள் கலாராணி, நீங்கள் அதை நீட்ட வேண்டும். ஒருவர் விலகிப் போனாலும் அடுத்தவருக்கு நீட்ட வேண்டும்.

கடைசியாக, கஜீபன் தம்பி. நீங்கள் இப்போது எழுந்து வர வேண்டும். இந்த ஒலிவாங்கியைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டியை எந்த நாளில் திறப்பீர்கள், அந்தக் கையை எந்த நாளில் கோயில் வீதிக்குக் கொண்டு வருவீர்கள் என்று நாளைச் சொல்ல வேண்டும். முயற்சி செய்வோம் என்று சொல்லக் கூடாது. மேலிடத்தில் கேட்போம் என்று சொல்லக் கூடாது. ஒரு நாள். அதை நீங்கள் சொல்லும்வரை நான் என் நாற்காலிக்குப் போகமாட்டேன், உங்கள் அருகிலேயே நிற்பேன். எனக்கு முழங்கால் வலி உண்டு, ஆனாலும் நிற்பேன்.

உட்கார்ந்து கேட்டவர்களுக்கும், நின்று கேட்டவர்களுக்கும், துண்டு அனுப்பிவிட்டுப் பொறுமையாக இருந்த தலைவருக்கும் நன்றி. உங்கள் எல்லோர் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். மீண்டும் வணக்கம்.

வாருங்கள் தம்பி. படி கொஞ்சம் உயரம், பார்த்து ஏறுங்கள்.